வீட்டுக்காரங்களுக்குத் தெரியும், கெஸ்ட்டுக்குத் தெரியாது: ஒரு ஏற்காடு வீட்டுப் பாடம்



முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் எல்.கே.ஜி.ல இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல நான் எழுதுற முதல் பெரிய கட்டுரை இது. ஒற்றுப் பிழை இருந்தா எடிட்டர் குழுவைத் திட்டுங்க, என்னை விட்டுடுங்க.

நம்ம பசங்க நிறைய பேர் வீட்ல இப்போ இந்தப் பேச்சு ஓடுது: "ஊர்ல வீடு சும்மாதானே பூட்டிக் கிடக்கு, டூரிஸ்டுக்கு வாடகைக்கு விட்டா என்ன?" ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, காரைக்குடி, ராமேஸ்வரம் பக்கம் சொந்த வீடு இருக்கிறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். எங்க குடும்பத்துலயும் இதே பேச்சுதான். அதுல நான் என்ன கத்துக்கிட்டேன்னு ஒரு பாடமா எழுதறேன். ஒரு வீட்டை விருந்தினர் தங்குறதுக்கு ஏத்த மாதிரி எப்படி மாத்துறது, எதுக்கு முதல்ல செலவு பண்றது, எதை எல்லாம் அளக்கணும். கொஞ்சம் கணக்கும் வரும். பயப்படாதீங்க, எல்லாம் பிளஸ் டூ கணக்குதான்.

எல்லாம் ஆரம்பிச்ச ராத்திரி

ஏற்காட்டுல எங்க தாத்தா கட்டின வீடு. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, டவுனைத் தாண்டி, காப்பித் தோட்டத்துக்குப் பக்கத்துல. ரெண்டு பெட்ரூம், ஒரு ஹால், சாப்பாட்டு அறை. அங்கிருந்து அஞ்சு படி இறங்கினா பின்கட்டு. சமையலறையும் ரெண்டு பாத்ரூமும் அங்கதான். தாத்தா போன பிறகு அம்மாயி தனியா இருந்தாங்க. முட்டி வலி அதிகமானதும் மாமா அவங்களை சேலத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டார். வீடு பூட்டியே கிடந்துச்சு. மழைக்காலத்துக்கு ஒரு சுவர் உப்பறது, ஓடு உடையறதுன்னு செலவு மட்டும் வந்துட்டே இருந்துச்சு. வாங்குறதுக்கு ஒரு பார்ட்டி ரெடியா நின்னாங்க. மாமா என்கிட்ட சொன்னது இதுதான்: "மாப்ள, அந்த வீடு அதோட செலவைச் சம்பாதிச்சுக்கிட்டா வெச்சிருக்கலாம். இல்லேன்னா வித்துடலாம். அம்மாயிகிட்ட இன்னும் சொல்லலை."

சரி, ஒரு டிரையல் பார்த்துடலாம்னு ஆறாவது செமஸ்டர் லீவுல எங்க கேங் அஞ்சு பேரும் போனோம். புது பெட்ஷீட் போட்டாச்சு, சீரியல் லைட் தொங்கவிட்டாச்சு, போட்டோவும் எடுத்தாச்சு. பார்க்க சும்மா அள்ளுச்சு.

ராத்திரி ரெண்டு மணிக்கு என் ரூம்மேட் பாத்ரூம் போக எழுந்தான். பின்கட்டு லைட் சுவிட்ச் சமையலறைக்குள்ள பிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கு. அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ஒரு கையில போன் டார்ச் பிடிச்சுக்கிட்டு படி இறங்கினான். மூணாவது படியில கால் தப்பி விழுந்துட்டான். கணுக்கால்ல ஹேர்லைன் பிராக்சர். காலேஜ் திறந்ததும் நடந்த முதல் டிரைவுக்கு ஊன்றுகோலோடதான் போனான். அவன் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அடுத்த தடவை போனப்போ டேப் எடுத்து அந்தப் படிகளை அளந்தேன். ஒண்ணாவது, ரெண்டாவது, நாலாவது, அஞ்சாவது படி உயரம் 17 சென்டிமீட்டர். மூணாவது மட்டும் 21. இறங்கும்போது ரெண்டு படியிலயே காலுக்கு ஒரு உயரம் பழகிடுது, மூணாவதுலயும் அதையே எதிர்பார்க்குது. அந்த இடத்துல தரை 4 சென்டிமீட்டர் கீழே இருந்தா உடம்பு முன்னாடி சாஞ்சுடும். அஞ்சு வயசுல இருந்து நான் அந்தப் படியில ஓடியிருக்கேன், ஒரு தடவை கூட விழுந்ததில்லை. அந்தப் படி வித்தியாசமா இருக்குன்னே எனக்குத் தெரியாது. என் காலுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியலை!

பாடத்தோட மையம்

எங்களுக்கு ஓப்பன் எலெக்டிவ்ல டான் நார்மன்னு ஒரு அமெரிக்கர் பத்தி வந்துச்சு. அன்றாடப் பொருட்களோட வடிவமைப்பு பத்தி 1988-ல ஒரு புத்தகம் எழுதினவர். ஒரு பொருளைப் பயன்படுத்தத் தேவையான அறிவு ரெண்டு இடத்துல இருக்கலாம்னு அதுல சொல்றார். ஒண்ணு நம்ம தலைக்குள்ள, இன்னொண்ணு வெளியில, அந்தப் பொருள்லயே. பரீட்சைக்கு அஞ்சு மார்க் கேள்வியா மட்டும் படிச்சிருந்தேன். அந்தப் படியை அளந்த அன்னைக்குத்தான் அது மண்டையில ஏறுச்சு.

எந்த வீடும் அங்க வாழ்றவங்க தலைக்குள்ள இருக்கிற அறிவாலதான் ஓடுது. எந்தக் குழாயை ரெண்டு சுத்து அதிகமா திருகணும், எந்தக் கதவைத் தூக்கிச் சாத்தணும், எந்த சுவிட்ச் எந்த லைட், எந்த ஜன்னலைத் திறந்தா குரங்கு வரும். இதெல்லாம் எங்கயும் எழுதி இருக்காது. கெஸ்ட் வரும்போது வீடு அப்படியே இருக்கு, அந்த அறிவு மட்டும் வீட்டுக்காரங்களோட கிளம்பிப் போயிடுது.

அதனால என் கணக்குல, விருந்தினர் வீடு வடிவமைக்கிறதுன்னா தலைக்குள்ள இருக்கிற அறிவை வீட்டுக்குள்ள இடம் மாத்தறது. சோபா, பெயின்ட், சீரியல் லைட் எல்லாம் அதுக்கு அப்புறம்.

எப்படி மாத்தறது? சேஃப்டி பேப்பர்ல படிச்ச ஆபத்துக் கட்டுப்பாட்டு வரிசை ஞாபகம் இருக்கா? அதை நான் மூணு படியா சுருக்கிக்கிட்டேன்.

1. அந்த அறிவே தேவைப்படாம பண்ணு. (படியைச் சரி பண்ணு.)
2. முடியலைன்னா, பார்த்ததும் புரியற மாதிரி பண்ணு. (படி விளிம்புல மஞ்சள் பட்டை ஒட்டு.)
3. அதுவும் முடியலைன்னா மட்டும் எழுதி வை. ("படி கவனம்".)

நாம பெரும்பாலும் மூணாவதுல இருந்து ஆரம்பிக்கிறோம். லேமினேட் பண்ணின பேப்பர் ஒட்டறது சுலபம், செலவும் கம்மி. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் பேப்பர் படிக்க மாட்டாங்க.

முதல் வேலை: ஒரு லிஸ்ட்

வீட்டுக்குப் புதுசா ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. ஒரு நாள் முழுக்க அவங்களை விட்டுடுங்க. நீங்க வாயைத் திறக்கக் கூடாது. அவங்க எங்க தயங்கி நிக்கிறாங்க, என்ன கேக்கறாங்கன்னு நோட்டுல எழுதுங்க. எங்க வீட்டுக்கு இதை மாமா பையனோட காலேஜ் பிரெண்ட் ஒருத்தர் செஞ்சு கொடுத்தார். ஒரு நாள்ல 31 கேள்வி. "ஹீட்டர் எங்க போடணும்", "குப்பையை எங்க கொட்டறது", "இந்தத் தண்ணி குடிக்கலாமா", "ஈரத் துண்டை எங்க காயப்போட". இந்த 31-ம்தான் எங்க டிசைன் லிஸ்ட்.

கூடவே இன்னொரு கேள்வியும் கேட்டுக்கணும்: வரப்போறது யாரு? ஏற்காட்டுக்குச் சேலம், ஈரோடு பக்கத்துல இருந்தும் வர்றாங்க, பெங்களூரு பக்கத்துல இருந்தும் வர்றாங்க. நிறைய பேர் குடும்பமா வர்றவங்க. அப்போ ஒரு பாட்டி இருப்பாங்க, ஒரு கைக்குழந்தை இருக்கும். "ரெண்டு பெட்ரூம், எட்டு பேர் தங்கலாம்"னு போட்டா புக்கிங் வரும். ஆனா தண்ணி, வெந்நீர், படுக்கை, சாப்பாட்டு நாற்காலி எல்லாத்தையும் அந்த எட்டால பெருக்கணும். நாங்க பெரியவங்க நாலு பேர்னு நிறுத்திக்கிட்டோம். கீழே வர்ற எல்லாக் கணக்கும் அந்த நாலுக்குத்தான்.

படியும் வெளிச்சமும்

அஞ்சு படியோட மொத்த உயரம் 89 சென்டிமீட்டர். அஞ்சால வகுத்தா 17.8. தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படிக்குச் சொல்ற அதிகபட்ச உயரம் 19, மிதிக்கிற அகலம் குறைஞ்சது 25. ரெண்டுக்கும் உள்ளதான் வருது. கொத்தனார் ரெண்டே நாள்ல பூசி எல்லாத்தையும் ஒரே உயரமாக்கிட்டார். இத்தனை வருஷமா இருந்த பிரச்சினைக்கு ரெண்டு நாள் வேலை! ரெண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி வெச்சோம். ஒவ்வொரு விளிம்புலயும் தரை நிறத்துக்கு எதிரான நிறத்துல ஒரு பட்டை.

லைட்டுக்கு நமக்கெல்லாம் தெரிஞ்ச சர்க்யூட்தான். முதல் வருஷம் இன்ஜினியரிங் பிராக்டிசஸ் லேப்ல மரப் பலகையில போட்டோமே, மாடிப்படி வயரிங். ரெண்டு டூ-வே சுவிட்ச், ஒரு பல்பு. "இதை வாழ்க்கையில எங்கடா யூஸ் பண்ணப் போறோம்"னு அப்போ கேட்டது நான்தான். இப்போ பின்கட்டு லைட்டை மேலயும் போடலாம், கீழயும் அணைக்கலாம். பெட்ரூம் லைட்டுக்கும் அதே மாதிரி கதவுகிட்ட ஒண்ணு, கட்டில்கிட்ட ஒண்ணு. படுத்த பிறகு எழுந்து போய் லைட் அணைக்கிற கஷ்டத்தை ஹாஸ்டல்ல இருக்கிற நமக்குச் சொல்லவே வேண்டாம். பெட்ரூமுக்கு 2700-ல இருந்து 3000 கெல்வின் வரைக்கும் இருக்கிற மஞ்சள் வெளிச்சம், சமையலறைக்கு வெள்ளை. பாத்ரூம் போற வழியில ராத்திரி முழுக்க எரியற ஒரு சின்ன லைட்.

ஜன்னல்: நான் தூங்காத ராத்திரி

லிஸ்ட்ல ஏழாவது கேள்வி: "பாத்ரூம் ஜன்னல்ல எதுக்கு ஒரு குச்சி இருக்கு?"

அந்தக் குச்சி எனக்குச் சின்ன வயசுல இருந்தே தெரியும். அந்த பாத்ரூம்ல கேஸ் கீசர் இருந்துச்சு. ஜன்னல் தானா சாத்திக்கும்னு அம்மாயி ஒரு காப்பிக் குச்சியை இடுக்குல சொருகி வெச்சிருப்பாங்க. குளிக்கப் போகும்போது "குச்சி இருக்கா பாரு"ன்னு குரல் கொடுப்பாங்க. ஏன்னு நான் கேட்டதே இல்லை.

ஏன்னு இப்போ தெரியும். கேஸ் எரிய ஆக்சிஜன் வேணும். சின்ன அறையில காத்து போகாம அடைச்சுட்டா அரைகுறையா எரிஞ்சு கார்பன் மோனாக்சைடு வரும். அதுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினோட ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா ஒட்டிக்கும். முதல்ல தலைவலி, மயக்கம். அப்புறம் எழுந்திருக்க முடியாது.

நாங்க அஞ்சு பேர் போனோம்னு சொன்னேனே. படியில விழுந்தவனோட ரெண்டு பேர் ஆஸ்பத்திரியில. மிச்சம் நாங்க ரெண்டு பேர். விடியக்காலையில குளிச்சோம். செம குளிர். என் பிரெண்ட் குச்சியை எடுத்துட்டு ஜன்னலை இறுக்கிச் சாத்திட்டுத்தான் குளிச்சிருக்கான். வெளியே வந்து "தலை வலிக்குதுடா"ன்னான். ராத்திரி தூங்காததுன்னு நெனச்சு டீ போட்டுக் கொடுத்தேன். தலைவலி தூக்கத்தாலயா, கேஸாலயான்னு இப்போ சொல்ல வழியில்லை. ஆனா அந்த லிஸ்ட்ல ஏழாவது கேள்வியைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

எங்க வீட்டு கெஸ்ட் உயிருக்கு ஒரே பாதுகாப்பு ஒரு காப்பிக் குச்சி. அது ஏன் இருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆள் சேலத்துல.

இங்க மூணு படில முதல் படிதான். கீசரையே கழட்டிட்டோம். "ஜன்னலைத் திறந்து வைக்கவும்"னு போர்டு வெச்சு கேஸ் கீசரை வெச்சிருக்கலாம்னு மாமா ஒரு தடவை கேட்டார். குளிர்ல நடுங்குற மனுஷன் ஜன்னலைச் சாத்தத்தான் செய்வான். போர்டு அவனைத் தடுக்காது.

இதே கதைதான் கரி அடுப்புக்கும். மலை ஊர்கள்ல பார்பிக்யூ போட்டுட்டு, குளிருக்கு அந்த அடுப்பை அறைக்குள்ள எடுத்துட்டுப் போய்த் தூங்கினவங்க எழுந்திருக்காம போன செய்திகள் வந்திருக்கு. எங்க வீட்ல தூக்கிட்டுப் போற அடுப்பு கிடையாது. வெளியில செங்கல் வெச்சுக் கட்டின மேடைதான் இருக்கு. அதை யாரும் உள்ள தூக்கிட்டுப் போக முடியாது. கூடவே, அறைக்குள்ள போதுமான கம்பளி இருக்கு. குளிர் தாங்க முடிஞ்சா நெருப்பைத் தேட மாட்டாங்க.

வெந்நீர்க் கணக்கு

கேஸ் போனதும் மின்சார கீசர். எத்தனை லிட்டர்? கடையில "ரெண்டு பேருக்கு 15, நாலு பேருக்கு 25" மாதிரி ஏதாவது சொல்வாங்க. நாமளே போட்டுப் பார்ப்போம்.

டிசம்பர் காலையில டேங்க் தண்ணி 15 டிகிரின்னு வெச்சுக்குவோம். கீசர் 60 டிகிரிக்குச் சூடாக்குது. குளிக்க 40 டிகிரி வேணும். ஒருத்தருக்கு ஒரு 20 லிட்டர் வாளி.

வாளியில வெந்நீர் பங்கு = (40 − 15) ÷ (60 − 15) = 25 ÷ 45. அதாவது 20 லிட்டர்ல சுமார் 11 லிட்டர் கீசர் தண்ணி, 9 லிட்டர் பச்சைத் தண்ணி.

15 லிட்டர் கீசர்னா ஒரு வாளியும் கொஞ்சமும் வரும். அப்புறம் திரும்பச் சூடாகணும். 15 × 4.2 × 45 = 2835 கிலோஜூல். 2 கிலோவாட் கீசருக்குச் சுமார் 24 நிமிஷம். 25 லிட்டர்னா ரெண்டு வாளிக்கு மேல வரும், முழுசா சூடாகச் சுமார் 40 நிமிஷம்.

நாலு பேருக்கு 44 லிட்டர் வெந்நீர் வேணும். ரெண்டு பாத்ரூம்லயும் ஆளுக்கொரு 25 லிட்டர் வெச்சா, காத்திருக்காம நாலு பேரும் குளிச்சுட்டு சூரிய உதயம் பார்க்கப் போகலாம். நிஜத்துல உள்ள வர்ற பச்சைத் தண்ணி கலந்து சூடு கொஞ்சம் குறையும், அதனால இது தோராயம்தான். ஆனா 15 லிட்டர் ஒண்ணே ஒண்ணு வெச்சா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க இந்தத் தோராயம் போதும்: கடைசி ஆள் பச்சைத் தண்ணியில குளிப்பார், ரிவ்யூவும் அவர்தான் எழுதுவார்.

இன்னொண்ணு. ஷவர் இருந்தாலும் வாளி, சொம்பு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கட்டாயம் வைங்க. குழந்தையைக் குளிப்பாட்டவும் பாட்டி உக்காந்து குளிக்கவும் ஷவர் உதவாது.

லோடு

ரெண்டு கீசர் தலா 2 கிலோவாட், இன்டக்‌ஷன் அடுப்பு 2, கெட்டில் 1.5. மொத்தம் 7.5 கிலோவாட். 230 வோல்ட்டால வகுத்தா சுமார் 32.6 ஆம்பியர். எங்க வீட்டு மெயின் எம்.சி.பி. 20 ஆம்பியர்.

காலையில ஏழு மணிக்கு ரெண்டு பேர் குளிக்க, ஒருத்தர் டீ போட, ஒருத்தர் தோசை சுட, மெயின் விழும். சொந்தக்காரங்களா இருந்தா "கீசர் அணைச்சுட்டு அடுப்பு போடு"ன்னு ஒரு சத்தம் போதும். கெஸ்ட்டுக்கு அந்தச் சத்தம் கேக்காது.

இங்கதான் ஒரு ஆபத்தான குறுக்கு வழி இருக்கு. "பெரிய எம்.சி.பி. மாத்திடுங்க" என்பாங்க. எம்.சி.பி. இருக்கிறதே ஒயரைக் காப்பாத்தத்தான். ஒயரை மாத்தாம அதை மட்டும் பெருசாக்கினா, எம்.சி.பி. விழறதுக்குப் பதிலா சுவருக்குள்ள ஒயர் சூடாகும். நாங்க லைசென்ஸ் இருக்கிற எலெக்ட்ரீஷியனை வெச்சு ஒவ்வொரு கீசருக்கும் 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர்ல தனி லைன், தனி எம்.சி.பி., 16 ஆம்பியர் சாக்கெட் போட்டோம். ஈ.பி. ஆபீஸ்ல லோடு கூட்ட எழுதிக் கொடுத்து, மெயினையும் மாத்தினோம். பாத்ரூம் லைன்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஈரக் கையில ஷாக் அடிச்சா ஆளைக் காப்பாத்தறது அதுதான். வாரம் ஒரு தடவை அதோட டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கறது பராமரிப்பு அண்ணன் வேலை. இந்த வேலைகளை நாமளே செய்யக் கூடாது. நாலு வருஷம் ஈ.இ.இ. படிச்சிருந்தாலும்!

படுக்கை, ஈரம், வாசனை

2007-ல சான் பிரான்சிஸ்கோல ரெண்டு பசங்க வாடகை கட்டக் காசு இல்லாம, தங்கள் அறையில காத்தடைக்கிற மெத்தை மூணு போட்டு வாடகைக்கு விட்டாங்க. அதுதான் பின்னாடி ஏர்பிஎன்பி ஆச்சு. தொடக்கமே ஒரு மெத்தைதான். ஆள் படுக்க இடம் தேடித்தான் வர்றார், அதனால காசை முதல்ல அங்க போடுங்க.

உதாரணத்துக்கு ஒரு மெத்தை 15,000 ரூபாய், வருஷத்துக்கு 100 ராத்திரி, அஞ்சு வருஷம்னு வெச்சா ஒரு ராத்திரிக்கு 30 ரூபாய். அதே காசுல சுவர் அலங்காரம் வாங்கினா முதுகு வலிக்கு ஆகாது. ஒரு கட்டிலுக்கு மூணு செட் விரிப்பு: ஒண்ணு கட்டில்ல, ஒண்ணு துவைக்கப் போயிருக்கும், ஒண்ணு அலமாரியில. எல்லாமே வெள்ளையா வாங்கினா எந்தத் தலையணை உறையும் எந்த விரிப்போடயும் சேரும், ஒண்ணு கிழிஞ்சா ஒண்ணை மட்டும் மாத்தலாம். மெத்தைக்கு மேல தண்ணி இறங்காத உறை, கைக்குழந்தை வர்ற வீட்டுக்குக் கட்டாயம்.

அப்புறம் வாசனை. பூட்டி வெச்ச மலை வீட்டுக்கு ஒரு ஈர வாசனை உண்டு. நம்ம மூக்கு பழகிடறதால நமக்குத் தெரியாது, வர்றவருக்குக் கதவு திறந்ததும் தெரியும். நாங்க செஞ்சது: அலமாரி, கட்டில் எல்லாத்தையும் சுவர்ல இருந்து நாலு விரல் தள்ளிப் போட்டோம், பின்னாடி காத்து போகட்டும்னு. இலவம்பஞ்சு மெத்தைகளை எடுத்துட்டோம். உப்பின சுவர்ல பிளாஸ்டிக் பெயின்ட்டைச் சுரண்டிட்டு சுண்ணாம்பு அடிச்சோம். சுண்ணாம்பு வழியா ஈரம் வெளியே போகும், பெயின்ட் அதை உள்ளயே அடைச்சு வெச்சிருந்துச்சு. கெஸ்ட் வர்றதுக்கு முந்தின நாள் எல்லா ஜன்னலும் திறந்து வைக்கணும். குரங்கு வராம இருக்க, எல்லா ஜன்னலுக்கும் கம்பி வலை.

சின்னச் சாமான்கள்

31 கேள்வில பாதிக்கு மேல பதில் சொன்னது இந்தச் சாமான்கள்தான், பெரிய செலவே இல்லை.

பெட்டி வைக்க ஒரு பெஞ்ச் (இல்லேன்னா பெட்டி மெத்தை மேல ஏறும்). பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி ஆளுக்கு ரெண்டு கொக்கி. சன்ஷேடுக்குக் கீழ ஒரு துணிக் கொடி. கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் சார்ஜர் பாயின்ட். சாக்கெட் பக்கத்துல ஒரு கண்ணாடி. ஒவ்வொரு அறையிலயும் குப்பைக் கூடை. வாசல்ல செருப்பு ஸ்டாண்ட், ரெண்டு குடை. சமையலறையில குக்கர், தோசைக்கல், மிக்ஸி, டீ வடிகட்டி, நல்லா வெட்டற ஒரு கத்தி. குடிக்கிற தண்ணி எதுன்னு கேக்கவே தேவையில்லாம, மூடியும் குழாயும் உள்ள ஒரு தனிப் பாத்திரம்.

சுவிட்ச் போர்டுல எட்டு சுவிட்ச் வரிசையா இருந்தா யாருக்கும் புரியாது. எழுத்துக்குப் பதிலா சின்னப் படம் ஒட்டினோம்: ஃபேன், பல்பு, கீசர். தமிழ் தெரியாதவங்களும் வருவாங்க இல்லையா. எழுதி ஒட்டினது மொத்தமே ஒரு பக்கம்: வீட்டு முகவரி, பராமரிப்பு அண்ணன் நம்பர், பக்கத்து ஆஸ்பத்திரி, 108, மெயின் சுவிட்ச் இருக்கிற இடம், தீயணைப்பான் இருக்கிற இடம். அவசரத்துல புது இடத்துல இருக்கிறவருக்குத் தான் எங்க இருக்கோம்னே சொல்லத் தெரியாது, அதனால முகவரிதான் முதல் வரி.

சட்ட விஷயமும் ரெண்டு வரி. மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட ஹோம்ஸ்டே திட்டம் வீட்டுக்காரங்க அங்கயே குடியிருக்கிற, அதிகபட்சம் 6 அறை உள்ள வீடுகளுக்கானது. பூட்டிக் கிடக்கிற வீட்டை விடறதா இருந்தா, உள்ளாட்சி அலுவலகத்துலயும் மாவட்டச் சுற்றுலா அலுவலகத்துலயும் முதல்ல கேட்டுக்குங்க. வெளிநாட்டவர் தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள பதிவு பண்ணணும்.

அம்மாயி

வேலை எல்லாம் முடிஞ்சதும் மாமா அம்மாயிகிட்ட விஷயத்தைச் சொன்னார். விக்கறதா இருந்தது, இப்போ விக்கலைங்கறது, வாடகைக்கு விடப்போறது, எல்லாத்தையும். அம்மாயி ஒண்ணும் பேசலை. "ஒரு தடவை பார்க்கணும்"னு மட்டும் சொன்னாங்க.

கூட்டிட்டுப் போனோம். தாத்தா படம் ஹால்ல அதே இடத்துல இருந்துச்சு, அவரோட காப்பி அரைக்கிற மெஷின் சாப்பாட்டு அறை அலமாரியில. அம்மாயி அதையெல்லாம் பெருசா பார்க்கலை. நேரா பின்கட்டுப் படிக்குப் போனாங்க. கம்பியைப் பிடிச்சு மெதுவா இறங்கினாங்க, திரும்ப ஏறினாங்க. பாத்ரூம் ஜன்னலைப் பார்த்தாங்க. "குச்சி எங்க?"ன்னு கேட்டாங்க. கேஸ் இல்லை அம்மாயி, இனிமே குச்சி வேண்டாம்னேன்.

கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னாங்க: "ஏன்டா சாமி, இந்தக் கம்பியும் லைட்டும் அன்னைக்கே போட்டிருந்தா நான் எதுக்குச் சேலத்துக்கு வர்றேன்?"

மாமாவும் பதில் சொல்லலை, நானும் சொல்லலை. முட்டி வலின்னு எல்லாரும் பேசினோம். அந்த 21 சென்டிமீட்டர் படியை ஒருத்தரும் அளக்கலை. முன்பின் தெரியாத கெஸ்ட்டுக்காக அளந்தோம். இப்போ மாசத்துல ஒரு வாரம் காலண்டர்ல புக்கிங் மூடியிருக்கும். அது அம்மாயியோட வாரம்.

கடைசியா ஒரு ஹோம்வொர்க். உங்க வீடு ஏற்காட்டுல இருக்கணும்னு இல்லை, வாடகைக்கு விடணும்னும் இல்லை. இந்த வாரம் ஊருக்குப் போனா ஒரு நோட்டும் டேப்பும் எடுத்துக்குங்க. உங்க வீட்டுக்குப் புதுசா வர்ற ஒருத்தருக்குத் தெரியாத பத்து விஷயத்தை எழுதுங்க. அதுல எதெல்லாம் வீட்ல வயசானவங்களுக்கும் கஷ்டம்னு டிக் பண்ணுங்க. டிக் பண்ணினதுல ஒண்ணையாவது அடுத்த லீவுக்குள்ள சரி பண்ணிடுங்க.

படியில இருந்து ஆரம்பிச்சா நல்லது.